செம்பனைச் சான்றிதழ்: பயிற்சியிலேயே தொடங்கிவிடும் தவறுகள்

தணிக்கைக்குச் சில நாள் இருக்கும்போதுதான் பல செம்பனை ஆலைகளில் கோப்புகளின் தூசி தட்டப்படுகிறது. மருந்துக் கிடங்கில் புதுப் பலகை மாட்டுவார்கள், கையுறை வழங்குவார்கள், வருகைப் பதிவேட்டில் விடுபட்ட கையெழுத்துகளைத் தேடி வாங்குவார்கள். நிலைத்தகு பாமாயில் உற்பத்திக்குத் தரநிலை வகுக்க 2004-இல் தொடங்கப்பட்ட ஆர்.எஸ்.பி.ஓ. என்ற பன்னாட்டு அமைப்பின் சான்றிதழ் 5 ஆண்டுகளுக்குச் செல்லும். இடையில் ஆண்டுதோறும் கண்காணிப்புத் தணிக்கை உண்டு. தணிக்கையாளர் பதிவேட்டைப் புரட்டிப் பார்ப்பதோடு நிறுத்துவதில்லை. தோட்டத்துக்குள் இறங்கி, மருந்தடிக்கும் பெண்ணிடமே கேட்பார்: "இந்த டப்பாவில் இருப்பது என்ன? கண்ணில் பட்டால் என்ன செய்வீர்கள்?" அவர் விழித்தால் அத்தனை கையெழுத்தும் வீண்.

அந்தப் பெண் சான்றிதழுக்கான பயிற்சிக்கு அழைக்கப்பட்டாரா என்பதே முதல் கேள்வி. பெரும்பாலும் நிலப்பத்திரம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் அழைப்பு போகிறது. குலை வெட்டுபவரும் உதிரிப் பழம் பொறுக்குபவரும் உரம் போடுபவரும் அன்றும் தோட்டத்தில்தான் இருப்பார்கள். இன்னொருவரையும் விட்டுவிடுகிறோம்: பழ வியாபாரி. சிறு விவசாயிகள் பலர் ஆலைக்கு நேராக விற்பதில்லை. பத்துப் பேரின் குலைகளை ஒரே லாரியில் கொட்டிக் கலப்பவர் அவர்தான். எது எந்தத் தோட்டத்துப் பழம் என்ற தடம் அங்கேதான் அறுகிறது. அவரை வில்லனாகப் பார்ப்பதைவிட, பயிற்சியில் உட்காரவைத்து ரசீது எழுதப் பழக்குவது பயன் தரும்.

என்ன சொல்லிக்கொடுக்கிறோம் என்பதிலும் கோளாறு உண்டு. காடழிப்பு, ஒராங் ஊத்தான், பருவநிலை மாற்றம் என்று திரையில் படம் ஓட்டித் தொடங்குவார்கள். பொய்யொன்றும் இல்லை, ஆனால் உரக் கடனில் இருப்பவர் காதில் அது ஏறாது. மகசூலிலிருந்து தொடங்குங்கள். தரையில் உதிரிப் பழம் விழத் தொடங்குவதுதான் குலை பழுத்ததற்கு அடையாளம். காயாக வெட்டினால் எண்ணெய் குறையும். வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்க்காமல் போட்டுவைத்தால் கொழுப்பு அமிலம் ஏறி எண்ணெயின் தரம் இறங்கும். வெட்டிய மட்டைகளை எரிக்காமல் மர வரிசைகளுக்கு இடையே அடுக்கினால் ஈரமும் சத்தும் மண்ணிலேயே நிற்கும். எலிக்கு நஞ்சு வைப்பதைக் குறைக்கக் கூகைக்குக் கூடு கட்டிவைக்கலாம். தீ வைக்காதே, நஞ்சைக் குறை என்று தரநிலை கேட்பதும் இவற்றைத்தானே? கைக்கு லாபம் தெரிந்தபின் நிபந்தனைகளைச் சொன்னால் கேட்பார்கள்.

ஆள் சேர்க்கும் ஆர்வத்தில் "சான்றிதழ் வந்தால் விலை ஏறும்" என்று வாக்குக் கொடுப்பதுதான் எனக்கு மிகவும் உறுத்துகிறது. சான்று பெற்ற எண்ணெய் முழுவதும் அந்தப் பெயரிலேயே விற்பதில்லை. கணிசமான பகுதி சாதாரண எண்ணெயாகத்தான் போகிறது. கூடுதல் விலை வாங்குபவரைப் பொறுத்தது. பொய்த்துப்போன வாக்கால் ஒரு விவசாயிகள் குழு கலைந்தால், மறுபடி அதே ஊரில் யாரும் வந்து உட்கார மாட்டார்கள். தனித்து இயங்கும் சிறு விவசாயிகளுக்கென ஆர்.எஸ்.பி.ஓ. 2019-இல் தனித் தரநிலை கொண்டுவந்தது. அதில் எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் வரவேண்டும் என்பதில்லை. முதல் கட்டத்திலேயே விளைச்சலில் 40 சதவீதத்துக்கும், அடுத்து 70, பிறகு 100 சதவீதத்துக்கும் கிரெடிட் விற்கலாம், அதாவது எண்ணெயோடு சேர்க்காமல் சான்று பெற்ற அளவை மட்டும் தனியாக விற்கலாம். இந்தோனேசியச் செம்பனைப் பரப்பில் ஏறக்குறைய 40 சதவீதம் சிறு விவசாயிகளிடம் இருக்கிறது. இந்தப் படிக்கட்டை அவர்களுக்கு விளக்காமல் விடுவது பெரிய இழப்பு.

நிலத்தின் வரலாற்றைப் பார்க்காமல் ஆளைச் சேர்ப்பது இன்னொரு தவறு. 2018 நவம்பர் 15-க்குப் பிறகு கரிமண் சதுப்பில் புதிதாக நடக்கூடாது என்பது ஆர்.எஸ்.பி.ஓ. விதி. ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்புச் சட்டம் 2020 டிசம்பர் 31-ஐ எல்லைக் கோடாக வைத்திருக்கிறது; அதற்குப் பிறகு காடழித்த நிலத்தின் விளைச்சலை ஏற்காது. 4 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்துக்கு வரைபடத்தில் ஒரு புள்ளி போதாது, எல்லையையே வரைந்து காட்ட வேண்டும். கையில் சான்றிதழ் இருந்தாலே இந்தச் சட்டத்துக்கும் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள், ஆகாது. மலேசியாவில் 2020 முதல் கட்டாயமான எம்.எஸ்.பி.ஓ., இந்தோனேசியாவின் ஐ.எஸ்.பி.ஓ. ஆகிய தேசியச் சான்றிதழ்களுக்கும் தனித்தனி விதிகள்.

கடைசிப் பிழை பொட்டலத்தில் நடக்கிறது. 'மாஸ் பேலன்ஸ்' முறையில் சான்று பெற்ற எண்ணெயும் பெறாததும் கலக்கலாம். கணக்கில் மட்டுமே அளவு ஒத்துப்போகும். கிரெடிட் முறையிலோ எண்ணெய்க்கும் சான்றுக்கும் நேரடித் தொடர்பே கிடையாது. கிரெடிட் வாங்கிய நிறுவனம், நிலைத்தகு பாமாயில் உற்பத்திக்கு ஆதரவளிப்பதாகச் சொல்லலாமே தவிர, உள்ளே இருப்பது சான்று பெற்ற எண்ணெய் என்று அச்சிடக்கூடாது. விற்பனைப் பிரிவுக்கும் ஒரு நாள் பயிற்சி கொடுத்திருந்தால் அந்த வரி அச்சுக்கே போயிருக்காது.