ஆர்பிஜி மேப் போட்டிக்கு நடுவராக உட்காருவது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை

கிருஷ்ணகிரி, ஓசூர், தருமபுரிப் பிள்ளைகளுக்காக நாங்கள் சில நண்பர்கள் சேர்ந்து நடத்தும் ஆர்பிஜி மேப் போட்டிக்கு (ஒரு பாத்திரமாக நடந்து விளையாடும் கணினி விளையாட்டுக்கு இடம் வரையும் போட்டி) இந்த முறை ‘பாராமகால்’ என்று தலைப்பு வைத்திருக்கிறோம். நம் பக்கத்துச் சீமைக்குப் பழைய பெயர் அது. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்த பகுதிகளில் ஒன்று. மலைமேல் ஒரு கோட்டை, அடிவாரத்தில் ஒரு கிராமம், இரண்டையும் இணைக்கும் பாதை: மூன்றும் ஒரே மேப்பில் வர வேண்டும். வரையப் பலர் முன்வந்துவிட்டார்கள், மதிப்பெண் போடத்தான் ஆள் குறைவு. விளையாடத் தெரியும், ஆனால் நடுவராக இருந்து பழக்கமில்லை என்று தயங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரே ஒரு விதி. ஆர்பிஜி மேப் நடப்பதற்காகச் செய்த இடம். நடந்து பார்க்காமல் ஒரு மார்க்கும் போடாதீர்கள். ஸ்கிரீன்ஷாட்டில் கண்ணைப் பறிக்கிற மேப் கையில் எடுத்ததும் சலித்துப் போகும். படத்தில் சப்பென்று இருப்பது நடக்க நடக்க விரியும். கீழே வருவதெல்லாம் இந்த விதியைக் கடைப்பிடிக்கும் வழிகள்தான்.

அறிவிப்புக்கு முன்பே முடிவு செய்ய வேண்டியவை

எந்தக் கருவி, எந்தப் பதிப்பு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். எங்கள் பிள்ளைகள் பெரும்பாலும் ஆர்பிஜி மேக்கர் என்ற விளையாட்டு செய்யும் மென்பொருளின் எம்வி அல்லது எம்இசட் பதிப்பை வைத்திருக்கிறார்கள். எம்வி 2015-இல் வந்தது, எம்இசட் 2020-இல் வந்தது. எம்இசட்டில் எந்த லேயரில் (ஒன்றன்மேல் ஒன்றாக வரும் அடுக்கில்) டைல், அதாவது ஒரு கட்டத்தை நிரப்பும் சின்னப் படம், வைக்கிறோம் என்பதை நாமே தேர்ந்தெடுக்கலாம். எம்வியில் மென்பொருளே முடிவு செய்யும். இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டால் எம்வி வைத்திருப்பவருக்கு அநியாயம். ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது இரண்டு பிரிவாக நடத்துங்கள். டைல்செட்டிலும் (டைல் தொகுப்பிலும்) அப்படித்தான். கருவியோடு வரும் படங்களை மட்டும் பயன்படுத்தியவர் ஒரு பிரிவு, சொந்தமாக வரைந்தவர் ஒரு பிரிவு. பிறர் வரைந்த டைலை எடுத்திருந்தால் அனுமதியும் பெயரும் ஒரு கோப்பில் இருக்க வேண்டும். அது இல்லாத மேப்பை நடுவரிடம் அனுப்பவே வேண்டாம்.

அடுத்தது அளவு. எம்வி, எம்இசட் இரண்டிலும் ஒரு மேப் 256×256 கட்டம் வரை போகலாம். போட்டிக்கு அது வேண்டவே வேண்டாம். 40×40 போதும் என்பது என் கருத்து. ஒரு கட்டம் 48 பிக்சல். வழக்கமான 816×624 திரையில் ஒரு நேரத்தில் 17 கட்டம் அகலமும் 13 கட்டம் உயரமும் தெரியும். அப்படியென்றால் 40×40 மேப் அகலவாக்கில் இரண்டே கால் திரைக்குச் சற்று மேல், உயரவாக்கில் மூன்று திரை. கோட்டை, பாதை, கிராமம் மூன்றுக்கும் இடம் உண்டு, வெட்டியாக நீட்ட இடமில்லை.

எல்லோரிடமும் எடிட்டர் (மேப் வரையும் அந்த மென்பொருள்) இருக்காது. அதனால் புராஜெக்ட் கோப்புறையோடு, விண்டோஸில் இரண்டு கிளிக்கில் திறக்கும்படி எக்ஸ்போர்ட் செய்த விளையாட்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

பெயரை மறைப்பது

நம் ஊரில் இது கட்டாயம். போட்டியாளர் நம் தெருப் பையனாக இருப்பான், தங்கையின் வகுப்புத் தோழியாக இருப்பாள், டியூஷன் வாத்தியாரின் மகனாக இருப்பான். பெயர் தெரிந்துவிட்டால் கை தானாக இரண்டு மார்க் கூட்டும், அல்லது கூட்டிவிடுவோமோ என்ற பயத்தில் இரண்டு மார்க் குறைக்கும்.

நடுவர் அல்லாத ஒருவர் எல்லாக் கோப்புகளையும் வாங்கி எண் போட்டுத் தரட்டும். கோப்பின் பெயரை மாற்றினால் மட்டும் போதாது. விளையாட்டின் தலைப்புத் திரையில் பெயர் இருக்கும். மேப்புக்குள் ஒரு பலகையைத் தட்டினால் ‘இந்த ஊரைக் கட்டியவர்’ என்று பெயர் வரும். பிள்ளைகளுக்கு அதில் ஒரு ஆசை. தவறில்லை, முடிவு வந்தபிறகு வைத்துக்கொள்ளச் சொல்லலாம்.

முதல் நடை: எடிட்டரைத் திறக்காதீர்கள்

விளையாட்டைத் திறந்து ஒரு சாதாரண விளையாட்டாளர் போல நடங்கள். பேனா, தாள் பக்கத்தில் இருக்கட்டும், மார்க் போட வேண்டாம். மூன்று விஷயம் மட்டும் குறியுங்கள். கால் முதலில் எந்தப் பக்கம் போனது? எங்கே போவதென்று தெரியாமல் எங்கே நின்றீர்கள்? எங்கே போரடித்தது?

போரடிப்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. வழக்கமான வேகத்தில் பாத்திரம் ஒரு கட்டம் நகர 16 ஃப்ரேம் (திரையில் அடுத்தடுத்து மாறும் படம்) ஆகும். விநாடிக்கு 60 ஃப்ரேம் என்றால், விநாடிக்குக் கிட்டத்தட்ட நாலு கட்டம். 40 கட்டத்தைக் குறுக்கே கடக்கப் பத்து விநாடிக்கு மேல் ஆகும். ஷிஃப்ட் அழுத்தி ஓடினால் பாதி. பத்து விநாடி என்பது கையில் கன்ட்ரோலர் வைத்திருப்பவருக்கு நீண்ட நேரம். அந்தப் பாதையில் ஒரு வளைவோ, ஒரு மரமோ, தூரத்தில் கோட்டைச் சுவரின் நுனியோ கண்ணில் படவில்லை என்றால் அது வெற்றிடம். அதற்காகக் கட்டத்துக்குக் கட்டம் பூச்செடி நட வேண்டும் என்று அர்த்தமில்லை. திரைக்கு ஒன்றாவது பார்க்க இருந்தால் போதும், சில இடத்தில் வெறும் பாறையே அழகு. கிருஷ்ணகிரி மலையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஒரு மேப்பில் கோட்டை வாசலுக்கு முன்னால் பாதை இரண்டாகப் பிரிந்தது. பிரியும் இடத்தில் ஒரு நடுகல். வில்லோடு நிற்கும் வீரன், காலடியில் இரண்டு மாடு. டைலைப் போட்டியாளரே வரைந்திருந்தார். முதல் தடவை அதைக் கடந்து போனேன், கவனிக்கவில்லை. சுனை வரை போய்த் திரும்பும்போது அந்தக் கல்லைப் பார்த்ததும் ‘சரி, இங்கிருந்து இடது’ என்று கை தானாகத் திரும்பியது. அம்புக்குறி இல்லை, பலகை இல்லை, உரையாடல் பெட்டி இல்லை. அந்த மேப்புக்கு நடையில் அதிக மார்க் கிடைத்தது அந்த ஒரு கல்லுக்காகத்தான். தருமபுரி அகழ்வைப்பகத்தில் வரிசையாக நிற்கும் நடுகற்களைப் பார்த்தவர்களுக்கு அது எங்கே நிற்க வேண்டிய கல் என்பது புரியும். ஆநிரை மீட்கப் போய் விழுந்தவனுக்கு எடுத்தது, ஆள் நடமாடும் வழியில் இருக்க வேண்டும். இன்னொருவர் அதே மாதிரிக் கல்லை வீட்டு முற்றத்துக்குள் அழகுக்கு வைத்திருந்தார். படத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிந்தன.

இரண்டாம் நடை: முட்டிப் பார்ப்பது

இப்போது நல்ல விளையாட்டாளராக இருக்காதீர்கள். ஒவ்வொரு சுவரிலும் மோதுங்கள், ஒவ்வொரு வேலியின் மூலையிலும் நுழையப் பாருங்கள், தண்ணீரில் இறங்கப் பாருங்கள். கடக்க முடியாததைக் கடக்க முடிகிறதா, கடக்க வேண்டியது அடைத்திருக்கிறதா என்பதே கேள்வி.

சொந்த டைல் பிரிவில் இங்கேதான் தவறு அதிகம் வரும். ஒவ்வொரு டைலுக்கும் வட்டம், பெருக்கல், நட்சத்திரம் என்று மூன்று குறிகளில் ஒன்று இருக்கும். வட்டம் நடக்கலாம், பெருக்கல் கூடாது, நட்சத்திரம் என்றால் டைல் பாத்திரத்துக்கு மேலே தெரியும், அதன் பின்னால் போகலாம். புளியமரத்தின் உச்சிக்கு நட்சத்திரம் போட மறந்து வட்டம் போட்டுவிட்டால், வீரன் மரத்தின் தலைமேல் நடந்து போவான். இது ஒரு கிளிக்கில் சரியாகிற பிழை. அதற்குத் தகுந்த அளவு மட்டும் குறையுங்கள். ஒகேனக்கல் மாதிரி வரைந்த ஒரு மேப்பில் பாறைகளுக்கு நடுவே தண்ணீர் பல கிளையாகப் பிரிந்து விழுவதை அருமையாகக் கொண்டுவந்திருந்தார்கள். உருண்டையான பரிசலுக்கும் தனி டைல் இருந்தது. ஆனால் பரிசல் துறைக்கு இறங்கும் படியில் ஒரு கட்டம் அடைபட்டிருந்தது. மேப்பின் உயிரான இடத்துக்குப் போகவே முடியவில்லை. இதுவும் ஒரு கட்டம்தான், ஆனால் நட்டம் பெரிது. எத்தனை கட்டம் என்று பார்க்காதீர்கள், எதை இழந்தோம் என்று பார்த்துக் குறையுங்கள்.

எடிட்டர் வைத்திருக்கும் நடுவர் டெஸ்ட் பிளேயில் (எடிட்டரிலிருந்தே விளையாடிப் பார்க்கும்போது) கண்ட்ரோல் விசையை அழுத்திப் பிடித்தால் சுவருக்குள்ளும் புகுந்து போகலாம். அடைபட்ட இடத்துக்கு அப்பால் என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்க்க அது உதவும். முதலில் அது இல்லாமல் முழுதும் நடந்துவிட்டுத்தான்.

எடிட்டரில் பார்க்க வேண்டியது

கைவேலை தெரியும் இடம் இது. மலை வரைந்த மேப் என்றால் முதலில் பாறைச் சுவரின் உயரத்தை எண்ணுங்கள். இடது பக்கம் நாலு கட்டம் உயரம், வலது பக்கம் இரண்டே கட்டம், மேலே ஒரே சமதளம்: அப்படி ஒரு மலை இருக்க முடியாது. நடுவில் படிக்கட்டு மூன்று கட்டம் என்றால் அது மேலேயும் சேராது. நடக்கும்போது ஏதோ இடறுகிறது என்று மட்டும் தோன்றும். எண்ணினால்தான் காரணம் தெரியும். கோட்டை கேட்கிற போட்டியில் இது முக்கியம், இதற்குத் தாராளமாக மார்க் ஒதுக்கலாம்.

சுவரை இடம் மாற்றிய பிறகு பழைய நிழல் தரையிலேயே நின்றுவிடுவது, ஆட்டோடைல் (பக்கத்துக் கட்டத்தோடு தானாக இணைந்துகொள்ளும் டைல்) ஓரங்கள் ஒட்டாமல் நிற்பது, ஒரே மரத்தைச் சரம் கோத்தது போல வரிசையாக நடுவது, இவையெல்லாம் சின்ன விஷயங்கள். குறிப்பில் எழுதுங்கள், ஆளுக்கு அரை மார்க்குக்கு மேல் போக வேண்டாம்.

அந்த ஊரில் ஆள் வாழ முடியுமா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. வீடுகள் பத்து இருக்கிறது, கிணறு எங்கே? என்ன சாப்பிடுகிறார்கள், கேழ்வரகுக் கொல்லை எந்தப் பக்கம்? மாடு எந்த வழியாக மேய்ச்சலுக்குப் போகும்? மலைமேல் கோட்டை கட்டினால் வீரர்களுக்குத் தண்ணீர் வேண்டும், பாறையில் சுனை வரைந்திருக்கிறார்களா? இராயக்கோட்டையிலோ கிருஷ்ணகிரியிலோ மூச்சு வாங்க மேலே ஏறிய பிள்ளைகள் இதைத் தாங்களாகவே யோசித்துவிடுகிறார்கள். கதவைத் திறந்தால் கிணற்றடி, கிணற்றடியிலிருந்து தேய்ந்த மண்பாதை, பாதை போய்ச் சேரும் கொல்லை என்று மேப்பிலேயே ஒரு நாள் ஓடும். அதற்கு ஒரு வரி வசனமும் தேவையில்லை.

ஆனால் நம் ஊர்ப் பொருள் இருக்கிறது என்பதற்காகவே மார்க் போடாதீர்கள். மாந்தோப்பும் நடுகல்லும் வைத்துவிட்டால் போதும் என்று நினைத்தால் அடுத்த ஆண்டு எல்லா மேப்பிலும் மாந்தோப்பும் நடுகல்லும்தான் வரும்.

மார்க் போடும் முறை

நான் 50-க்குப் போடுகிறேன். நடை 20, வாழ்விடம் 12, வழி தெளிவு 10, கைவேலை 8. உங்கள் போட்டிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள், நடைக்குத்தான் அதிகம் இருக்க வேண்டும். தொடங்கும் முன் போட்டியில் இல்லாத இரண்டு மேப்பை எல்லா நடுவர்களும் சேர்ந்து விளையாடி, இதற்கு எத்தனை, அதற்கு எத்தனை என்று பேசிக்கொள்ளுங்கள். அப்புறம் தனித்தனியாகப் போய்விடுங்கள். ஒரே மூச்சில் ஆறு மேப்புக்கு மேல் பார்க்க வேண்டாம். ஒவ்வொரு நடுவருக்கும் வேறு வேறு வரிசையில் கொடுங்கள்; எல்லோரும் அசந்துபோய்க் கடைசியில் பார்ப்பது ஒரே மேப்பாக இருந்துவிடக் கூடாது.

கூட்டும்போது கவனம் தேவை. ஒரு நடுவர் மார்க்கை அகலமாகப் போடுவார், இன்னொருவர் எல்லாருக்கும் நாற்பதை ஒட்டியே போடுவார். முதலாமவர் மேப் 4-க்கு 44, மேப் 7-க்கு 36, மேப் 9-க்கு 24 போடுகிறார். இரண்டாமவர் மேப் 9-க்கு 43, மேப் 7-க்கு 42, மேப் 4-க்கு 40. கூட்டினால் 84, 78, 67 என்று முதலாமவரின் வரிசை அப்படியே ஜெயித்துவிடும். இரண்டாமவர் உட்கார்ந்ததற்கே பயனில்லை. அதனால் மார்க்கை விட்டுவிட்டு ஒவ்வொருவரின் தரவரிசையைக் கூட்டுங்கள்: முதலிடத்துக்கு 1, இரண்டாமிடத்துக்கு 2, மூன்றாமிடத்துக்கு 3, கூட்டல் குறைந்தவர் ஜெயிப்பார். மேலே சொன்ன கணக்கில் மூன்று மேப்பும் 4 புள்ளியில் சமமாகும். அப்போது மூன்றாம் நடுவரின் வரிசை முடிவு செய்யும். நடுவர் மூன்று பேராவது வேண்டும் என்பது இதனால்தான்.

பொதுமக்கள் ஓட்டு வைக்க விரும்பினால் தனிப் பரிசாக வையுங்கள். சொந்தபந்தம் அதிகம் இருப்பவருக்கு ஓட்டும் அதிகம் விழும். நடுவர் மார்க்கோடு அதைக் கலக்காதீர்கள்.

குறிப்பு எழுதுவது

பரிசு மூன்று பேருக்குத்தான், குறிப்பு எல்லோருக்கும் போக வேண்டும். ‘சூப்பர்’, ‘இன்னும் நன்றாகச் செய்யலாம்’ என்று எழுதினால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? இடத்தைச் சொல்லுங்கள். எடிட்டரின் கீழ் ஓரத்தில் எக்ஸ், ஒய் எண்கள் தெரியும், அதையே எழுதுங்கள். நான் ஒன்றுக்கு எழுதியது:

“சுனையிலிருந்து கோட்டைக்குப் போகும் பாதை வளையும் இடம் அருமை, சுவர் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிய ஆரம்பிக்கிறது, நடையை நிறுத்தவே மனமில்லை. எக்ஸ் 12, ஒய் 31-இல் வேலிக்கும் கிணற்றுக்கும் நடுவில் ஒரு கட்டம் திறந்திருக்கிறது. அதன் வழியாக வேலிக்குப் பின்னால் போய் மேப்பின் ஓரம் வரை நடக்க முடிகிறது. ஒரு கல் வைத்து அடைத்தால் போதும். கிராமத்தின் கிழக்குப் பாதியில் போவதற்குக் காரணமே இல்லை. அங்கே ஒரு களத்துமேடு வைத்துப் பாருங்கள்.”

பெயர் தெரியாமல் எழுதுவதால் எல்லோரையும் ‘நீங்கள்’ என்றே எழுதுங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் அந்த மரியாதை போய்ச் சேரட்டும்.

முடிவை வெளியிடும் முன்பே குறிப்பை அவரவருக்குத் தனியாக அனுப்பிவிடுங்கள். பொதுவில் முதல் மூன்று இடம் மட்டும் போதும், கடைசி இடம் யாருக்கு என்று யாருக்கும் தெரிய வேண்டாம். மார்க்கைக் கேட்டு ஒருவர் வந்தால் மறைக்காதீர்கள். மேப்பைத் திறந்து வைத்து, நீங்கள் குறித்த கட்டத்தில் அவரையே நடக்கச் சொல்லுங்கள். உங்கள் குறிப்பு தவறு என்று தெரிந்தால் அங்கேயே மார்க்கைத் திருத்தி மற்ற நடுவர்களுக்கும் சொல்லிவிடுங்கள். அதற்காகவே முடிவு அறிவிப்புக்கும் பரிசளிப்புக்கும் நடுவில் ஒரு வாரம் விட்டு வையுங்கள்.