பாண் போட்டா இறைச்சி உருண்டை கல்லாகாது

ஹட்டன் பக்கம் மழை விடாம பெய்ற நாள்ல சூடா இறைச்சி உருண்டை இருந்தா வேற என்ன வேணும், ஆனா நான் முதல் தடவ செஞ்சது கிரிக்கெட் பந்து மாதிரி கல்லா ஆயிருச்சு, வீட்டுக்காரரு இன்னும் சொல்லி சிரிப்பாரு. பிழை என்னன்னா பாண் (பிரெட்) போடல.

அரைச்ச இறைச்சி 500 கிராமுக்கு பழைய பாண் 2 துண்டு, ஓரத்த வெட்டிட்டு பால்ல ஊறவச்சு மசிச்சு போடுங்க, அப்புறம் 1 முட்டை, பொடியா வெட்டுன வெங்காயம், இஞ்சி பூண்டு, மிளகுத்தூள், உப்பு, கொஞ்சம் லீக்ஸ் (மடிப்புக்குள்ள மண்ணு ஒளிஞ்சிருக்கும், பிரிச்சு கழுவுங்க). ரொட்டி மாவு மாதிரி அமுக்கி பிசையாதீங்க, ஒண்ணா சேர்ந்தா போதும்.

சின்னதா ஒண்ண பொரிச்சு உப்பு பாத்துட்டு, கைய நனைச்சுக்கிட்டு தேசிக்கா (எலுமிச்சை) அளவுல உருட்டுங்க. எண்ணெய்ல மேல செவந்ததும் தக்காளி குழம்புல போட்டு 15 நிமிஷம் சின்ன நெருப்புல மூடி வைங்க, ஒண்ண பிச்சு பாருங்க, நடுவுல ரோஸ் நிறம் இருக்கக்கூடாது.

ரொட்டி, சோறு, நூடில்ஸ் எதுக்கும் சரி. உருட்டுன பச்ச உருண்டைய தட்டுல தள்ளித்தள்ளி வச்சு ப்ரீசர்ல இறுகவிட்டு அப்புறமா பேக்ல போட்டா ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது.