சொல்லுக்குள் இருக்கும் சுருதி: அதபாஸ்கன் மொழிகளில் தொனியைப் பதிவு செய்வது எப்படி

வாளையாறைக் கடந்து கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வருகிறவர்களுக்கு ஓர் அனுபவம் உண்டு. கடைத்தெருவில் பேசுகிறவர் எந்த ஊர்க்காரர் என்பதை, அவர் என்ன சொல்கிறார் என்று புரிவதற்கு முன்பே, பேச்சின் இழுப்பை வைத்துக் கண்டுகொள்ளலாம். பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தில் தமிழ் பேசும் எங்கள் வீடுகளில் வாக்கியம் முடிகிற இடத்தில் குரல் போகும் போக்கு ஒன்று. பொள்ளாச்சியில் அது வேறொன்று. இந்த நுட்பத்தைச் சிறு வயதிலேயே கற்றுக்கொண்ட காது எங்களுடையது. ஆனால் தொனிமொழி ஒன்றைப் பதிவு செய்யப் போகிற தமிழ் மாணவருக்கு முதல் தடையாக நிற்பதும் இதே காதுதான். நாம் கேட்கப் பழகியிருப்பது வாக்கியத்தின் இசை. தொனி என்பதோ ஒரு சொல்லின் பொருளையே மாற்றுகிற குரல் உயரம். எடுத்தல், படுத்தல், நலிதல் என்று நம் இலக்கண மரபில் பெயர்கள் இருந்தாலும், தமிழில் எடுத்துச் சொன்னாலும் படுத்துச் சொன்னாலும் கல் கல்லாகவே இருக்கும்.

வட அமெரிக்கப் பழங்குடிகள் பேசும் அதபாஸ்கன் மொழிகளில் பலவற்றில் அப்படி இராது. அலாஸ்காவிலும் கனடாவின் வடமேற்கிலும், பசிபிக் கரையோரத்தில் ஓரெகன், கலிபோர்னியா பகுதிகளிலும், தெற்கே அரிசோனா, நியூ மெக்சிகோ நிலப்பகுதியிலும் பரவியிருக்கும் இந்தக் குடும்பத்தில் அதிகம் பேசப்படுவது நவஹோ. அம்மொழியில் ‘நி’ என்று தாழ்வாகச் சொன்னால் ‘நீ’ என்று பொருள். அதையே உயர்த்திச் சொன்னால் ‘அவர் சொல்கிறார்’ என்று பொருள். மருந்தைக் குறிக்கும் சொல்லுக்கும் வாயைக் குறிக்கும் சொல்லுக்கும் உள்ள வேறுபாடும் இவ்வாறே நெடில் உயிரின் தாழ்விலும் உயர்விலும் மட்டுமே இருக்கிறது.

களத்துக்குப் போகுமுன் ஒரு வரலாற்றுச் செய்தியை மனத்தில் நன்றாகப் பதித்துக்கொள்ள வேண்டும். இந்தக் குடும்பத்தின் மூலமொழியில் சொல்லடியின் கடைசியில் தொண்டையை இறுக்கி ஒலிக்கும் மெய்கள் இருந்தன. அந்த இறுக்கம் உயிரின் குரலை மாற்றி, காலப்போக்கில் தொனியாக நிலைபெற்றது. வியப்பு என்னவென்றால், அது எல்லா மொழிகளிலும் ஒரே திசையில் போகவில்லை. நவஹோவில் இறுக்கம் இருந்த இடம் தாழ்தொனி ஆயிற்று. சிப்பவயன் என்று முன்பு அழைக்கப்பட்ட டெனே சுலினே மொழியில் அதே இடம் உயர்தொனி ஆயிற்று. ஆகவே, இறுக்கம் இல்லாத ‘கல்’ என்ற ஒரே பழஞ்சொல், நவஹோவில் உயர்ந்தும் டெனே சுலினேயில் தாழ்ந்தும் ஒலிக்கிறது. அட்னா, ஹூப்பா போன்ற மொழிகளில் தொனியே தோன்றவில்லை. கனடாவின் ட்சூட்டினாவிலோ மூன்று படிநிலைகள் இருக்கின்றன. எனவே பக்கத்து மொழியின் அகராதியைப் பார்த்து இந்த மொழியின் தொனியை ஊகிக்கக் கூடாது. இந்த மொழியில் தொனி உண்டா என்ற கேள்வியையே முதல் நாளின் கேள்வியாக வைத்துக்கொள்வதுதான் நேர்மையான தொடக்கம்.

காதைப் பழக்குவதற்கு அலாஸ்கா வரை போக வேண்டியதில்லை. வாளையாறு வழியாக வரும் லாரிகளில் பஞ்சாபிலிருந்து வருகிற ஓட்டுநர்கள் இருக்கிறார்கள். பஞ்சாபி ஒரு தொனிமொழி என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. சாலையோர தாபாவில் தேநீர் குடித்துக்கொண்டிருப்பவரிடம், ‘பாஜி, கொஞ்சம் நேரம் இருக்கிறதா?’ என்று மரியாதையாகக் கேட்டு, குதிரை, சவுக்கு, தொழுநோயாளி ஆகிய மூன்றுக்கும் அவர்கள் சொல்லும் சொற்களைச் சொல்லச் சொல்லுங்கள். நம் காதுக்கு மூன்றும் ‘கோடா’ என்றே விழும். சவுக்கு சமமாகப் போகும். குதிரை தாழ்ந்து பின் எழும். மூன்றாவது உயர்ந்து இறங்கும். குருமுகி எழுத்தில் குதிரைக்கு மூச்சொலி சேர்ந்த ககரம் இன்றும் எழுதப்படுகிறது. பேச்சில் அந்த மூச்சு மறைந்து, அதன் இடத்தில் தாழ்தொனி வந்து அமர்ந்துவிட்டது. அதபாஸ்கனில் தொண்டை இறுக்கம் செய்த வேலையைப் பஞ்சாபியில் மூச்சொலி செய்திருக்கிறது. ஒரு மெய் மறையும்போது அதன் நிழல் உயிரின் மேல் தங்கிவிடுவதை இப்படிக் காதால் கேட்டு உணர்ந்தவர், நூலில் படித்தவரைவிடக் களத்தில் இரண்டு வாரம் முன்னால் இருப்பார் என்பது என் உறுதியான எண்ணம்.

அடுத்த பயிற்சிக்குச் சங்கீதம் துணை செய்யும். செம்பை பிறந்த மண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிற நமக்குச் சுருதியைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. ஒரு கட்டையில் பாடுகிறவருக்கும் ஐந்து கட்டையில் பாடுகிறவருக்கும் ‘பஞ்சமம்’ பஞ்சமம்தான், ஆனால் அதிர்வெண் வேறு. தொனியும் அப்படியே. ஒரு முதியவரின் உயர்தொனி 120 ஹெர்ட்ஸில் இருக்கலாம். அவர் பேத்தியின் தாழ்தொனி 200 ஹெர்ட்ஸில் இருக்கலாம். எனவே உயரம், தாழ்வு என்பவற்றை அந்த ஆளின் அந்த வேளைக் குரலுக்குள்ளேயே ஒப்பிட வேண்டும். 100-க்கும் 120-க்கும் உள்ள தொலைவும் 200-க்கும் 240-க்கும் உள்ள தொலைவும் காதுக்கு ஒன்றே. அதனால்தான் அளவுகளை ஹெர்ட்ஸ் கழித்தலாக அல்லாமல், ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டாகப் பகுத்த அரைச்சுர அளவில் எழுதிவைக்க வேண்டும்.

இனிச் சொற்பட்டியல். இங்கேதான் பெரும்பாலான பதிவுகள் கெடுகின்றன; என்னுடைய முதல் பதிவும் இங்கேதான் கெட்டது. பாலக்காட்டுக்கு அருகே ஒரு தொழிற்சாலையில் வேலை செய்த மணிப்பூர்த் தம்பி ஒருவரிடம், இரு தொனிகள் கொண்ட அவருடைய மொழியில் 60 சொற்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லக் கேட்டு நாள் முழுவதும் பதிந்தேன். இரவில் கேட்டபோது 59 சொற்கள் ஏறி முடிந்தன; கடைசிச் சொல் மட்டும் இறங்கி முடிந்தது. அவர் குறையொன்றும் செய்யவில்லை. அரிசி, பருப்பு, உப்பு, புளி என்று மளிகைச் சீட்டு வாசிக்கும்போது நாம் ஒவ்வொரு பொருளிலும் குரலை ஏற்றி, கடைசிப் பொருளில் இறக்குவதுபோல, அவரும் பட்டியலின் இசையில்தான் சொன்னார். பட்டியல் இசை சொல்லின் தொனியை முழுவதும் மூடிவிட்டது.

இதற்கு மருந்து, சட்டக வாக்கியம். ‘நான் இன்று ___ என்று சொன்னேன்’ என்பதுபோல் ஒரு வாக்கியத்தைப் பேசுகிறவரையே அமைக்கச் சொல்லி, அதன் நடுவில் ஒவ்வொரு சொல்லையும் வைத்துச் சொல்லச் செய்ய வேண்டும். அதபாஸ்கன் மொழிகளிலும் தமிழைப்போல வினை கடைசியில் வருவதால், ஆய்வுச் சொல் இயல்பாகவே வாக்கியத்தின் நடுவில் அமர்ந்துகொள்கிறது. இது நமக்குக் கிடைத்த சிறிய பாக்கியம். சட்டகத்தின் மற்றச் சொற்கள் மாறாமல் இருப்பதால் அவையே தம்பூரா போலச் சுருதி பிடித்து நிற்கும். நடுச்சொல் அவற்றுக்கு மேலே போகிறதா, கீழே போகிறதா என்பதே கேள்வி. ஒவ்வொரு சொல்லையும் குறைந்தது மூன்று முறை, வரிசையை மாற்றி மாற்றிப் பதியுங்கள். முதல் வாரத்தில் பெயர்ச்சொற்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது. இந்த மொழிகளின் வினை, முன்னொட்டுகள் பல அடுக்கப்பட்டு, அடி கடைசியில் வரும் நீண்ட அமைப்பு. அதில் தொனி எங்கே பிறக்கிறது, எங்கே பரவுகிறது என்பதைப் பெயர்களில் தெளிவு பெறாமல் பிரித்தறிய இயலாது. உடலுறுப்பையும் உறவையும் குறிக்கும் பெயர்கள் உடைமை முன்னொட்டு இல்லாமல் வருவதில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். ‘கை’ என்ற சொல்லைத் தனியே கேட்டால் பேசுகிறவர் தயங்குவார். ‘என் கை’ என்று கேளுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே முன்னொட்டையே பயன்படுத்துங்கள். இல்லையேல் முன்னொட்டின் தொனியை அடியின் தொனியாக எழுதிவிடுவீர்கள்.

பதிவுக் கருவியைப் பற்றி விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. சுருக்கப்படாத வேவ் கோப்பு, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், தலையில் அணியும் ஒலிவாங்கி ஆகியவை போதும். ஆனால் இரண்டு பகைகளை இங்கேயே பழகிக்கொள்ளலாம். ஒன்று காற்று: ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாயில் வீசும் காற்றில் பஞ்சுறை போட்ட ஒலிவாங்கியோடு திண்ணையில் உட்கார்ந்து பதியக் கற்றவர், வேறெங்கும் காற்றுக்கு அஞ்ச வேண்டியதில்லை. மற்றொன்று மின்சார முரலல். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். வட அமெரிக்காவில் 60. அதன் இரட்டிப்பு இங்கே 100, அங்கே 120. ஆண் குரலின் நடுவிலேயே இது விழுவதால், பேச்சு நின்ற இடத்திலும் கணினி நேர்கோடாக ஒரு சுருதியைக் காட்டும். மின்விசிறியை நிறுத்தி, குளிர்பெட்டியின் இணைப்பைப் பிடுங்கி, மின்கலத்தில் பதியுங்கள்.

அளப்பதற்கு ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பவுல் பூர்ஸ்மாவும் டேவிட் வேனிங்கும் உருவாக்கிய ‘பிராட்’ என்ற இலவச மென்பொருளைப் பெரும்பாலோர் பயன்படுத்துகிறார்கள். சுருதி எல்லையை ஆண் குரலுக்கு 75 முதல் 300 வரை, பெண் குரலுக்கு 100 முதல் 500 வரை அமைத்துத் தொடங்கி, ஆளுக்கேற்ப ஒடுக்குங்கள். பிறகு கோட்டை நம்புமுன் மூன்றைக் கழித்துப் பார்க்க வேண்டும். குரல்நாண் அதிராத மெய்க்குப் பின் வரும் உயிர் சற்று உயர்ந்தும், அதிரும் மெய்க்குப் பின் வருவது சற்றுத் தாழ்ந்தும் தொடங்கும். இகரமும் உகரமும் இயல்பாகவே அகரத்தைவிட உயர்ந்து நிற்கும். சொல்லின் கடைசியில் தொண்டை அடைப்பு வந்தால் குரல் கரகரத்து, மென்பொருள் சுருதியைப் பாதியாகக் காட்டும் அல்லது ஒன்றுமே காட்டாது. மூன்றாவது அதபாஸ்கனில் அடிக்கடி வரும். அங்கே கோட்டை விட்டுவிட்டு, அலைவடிவில் அதிர்வுகளைப் பெரிதாக்கி, ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பதே வழி. அலுப்பூட்டும் வேலைதான், அதைச் செய்யாமல் ‘தாழ்தொனி’ என்று எழுதியவை பின்னால் வெறும் கரகரப்பாகவே முடிந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

கருவி சொல்வதற்கும் மேலான சான்று, பேசுகிறவரின் தீர்ப்பு. அமெரிக்க மொழியியலாளர் எட்வர்டு சபீர் 1922-இல் ட்சூட்டினா மக்களிடையே பணியாற்றியபோது, ‘இவர்’ என்ற சொல்லும் ‘அது ஒலிக்கிறது’ என்ற சொல்லும் அவர் காதுக்குத் தொனி உட்பட முற்றும் ஒன்றாகவே கேட்டன. அவருக்கு மொழி சொல்லித்தந்த ஜான் விட்னி, இரண்டும் வேறு என்று உறுதியாக நின்றார். இரண்டாவதன் கடைசியில் ஒரு தகர மெய் இருப்பதாக உணர்ந்தார். அந்தத் தகரம் ஒலிப்பதில்லை. ஆனால் பின்னொட்டுச் சேர்ந்தால் வெளிப்படுகிறது. சபீர் 1933-இல் எழுதிய கட்டுரையில் இதை அறிஞரின் காதுக்குக் கிடைத்த பாடமாகவே பதிவு செய்தார். அவரிடம் பயின்ற மறே எமனோ 1935-இல் நம் பக்கத்து நீலகிரிக்கு வந்து தோடர், கோத்தர் மொழிகளை எழுதியதும் இதே மரபின் கிளை. சபீரின் இன்னொரு மாணவர் லீ ஃபாங்-குவேய், தொனியோடு பிறந்த சீன மொழிக்காரர். 1928-இல் பிரான்சுவா மாண்டெவில்லிடம் சிப்பவயன் கதைகளைக் கேட்டு எழுதினார்.

ஆகவே பேசுகிறவரிடம், ‘இது உயர்வா, தாழ்வா?’ என்று ஒருபோதும் கேட்காதீர்கள். நம்மை மகிழ்விக்க ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடுவார்கள். சொல்லுக்கொரு சீட்டாக எழுதி, ‘எவை எவை ஒன்றுபோல் ஒலிக்கின்றன?’ என்று கேட்டு அவர்களையே அடுக்கச் சொல்லுங்கள். எழுத்தை விரும்பாத முதியவரிடம் அந்தச் சொல்லை வாய்மூடி முனகிக் காட்டும்படியோ சீட்டியடித்துக் காட்டும்படியோ கேட்கலாம். மெய்யும் உயிரும் நீங்கி, சுருதி மட்டும் வெளியே வரும். சீட்டுகள் இரண்டே குவியலாக விழுந்தால் இரு தொனி. மூன்றாவது குவியல் ஒன்று பிடிவாதமாக நின்றால், உங்கள் கருதுகோளை மாற்றுங்கள், அவருடைய குவியலை மாற்றாதீர்கள்.

எழுதும்போது அந்தச் சமூகம் ஏற்ற எழுத்துமுறையையே பின்பற்ற வேண்டும். நவஹோ எழுத்தில் உயர்தொனிக்குக் குறி உண்டு, தாழ்வுக்கு இல்லை. கனடாவின் அதபாஸ்கன் மொழிகளில் ஒன்றான ட்லிச்சோவில் தாழ்வுக்கே குறி. உங்கள் குறிப்பேட்டில் மட்டும், தாழ்வு என்று உறுதியாகக் கேட்டதையும் இன்னும் முடிவு செய்யாததையும் வேறு வேறு அடையாளத்தால் எழுதுங்கள். வெற்றிடம் இரண்டையும் ஒன்றாக்கிவிடும்.

அனுமதி இவை எல்லாவற்றுக்கும் முந்தியது. நவஹோ மக்களின் தன்னாட்சிப் பகுதியான நவஹோ நாட்டில் ஆய்வு செய்ய அவர்களுடைய ஆய்வு மறுபரிசீலனைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். நரிக்கதைகளைப் போன்ற சிலவற்றைக் குளிர்காலத்தில் மட்டுமே சொல்வது அங்கே மரபு; கோடை விடுமுறையில் போய் அவற்றைக் கேட்பது முறையன்று. பயிற்சிக்காக அட்டப்பாடியில் இருளர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாலும் இதே ஒழுக்கம்தான். எதற்காகப் பதிகிறோம், யார் கேட்பார்கள், எங்கே வைக்கப்படும் என்பதைப் பாட்டிக்குப் புரியும் பேச்சில் சொல்லி, அவர் சரி என்ற பிறகே பொத்தானை அழுத்துங்கள். கிளம்பும் நாளில் பதிவின் முழுப்படியை அந்த வீட்டில் இருக்கிற கைப்பேசியிலேயே ஏற்றி, அவர்கள் முன்னால் ஒருமுறை ஓட்டிக் காட்டி, குரல் கேட்கிறதா என்று உறுதி செய்துகொண்டு வாருங்கள்.