நம்ம வீட்டு மீட்டர வச்சு பிள்ளைங்களோட ஒரு கரண்டு கேம் செய்யறது எப்படி

மலேசியாவுல, பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட்ல நாங்க இருக்கற தாமான் (வீடமைப்புப் பகுதி) பழைய எஸ்டேட் நெலம்தான், சுத்தி இன்னும் செம்பனை நிக்குது. எங்க பாட்டி லயத்துல இருந்த காலத்துல ராத்திரி கொஞ்ச நேரம்தான் ஜெனரேட்டர் ஓடுமாம், பத்து மணிக்கு படக்குனு நின்னுருமாம், அப்புறம் மண்ணெண்ண விளக்குதான். பாட்டி இன்னிக்கும் ஒரு ரூம்ல இருந்து வெளிய வந்தா கை தானா சுவிட்சுக்குப் போகும். இப்ப உள்ள பிள்ளைங்களுக்கு கரண்டுங்கறது காத்து மாதிரி, எப்பவும் இருக்கும், அதுங்ககிட்ட லைட்ட அடைச்சிட்டு வான்னு நூறு தடவ சொன்னாலும் மண்டையில ஏறாது, ஆனா ஒரு கேம்ல தோத்துட்டா ஏன் தோத்தோம்னு ஒரு மணி நேரம் உக்காந்து யோசிக்கும். நான் சனிக்கெழம கோயில் மண்டபத்துல அக்கம்பக்கத்துப் பிள்ளைங்களுக்கு கம்ப்யூட்டர் சொல்லித் தர்றேன், பதினோரு பேரு, நாலு பழைய லேப்டாப். அங்க செஞ்சு பாத்து சரியா வந்த வழிய அப்படியே எழுதறேன், உங்க ஊர்லயும் யாராச்சும் செய்யணும்.

மொதல்ல ஏன் ஓப்பன் சோர்ஸ் (யாரு வேணும்னாலும் நிரல தொறந்து மாத்தக்கூடிய மென்பொருள்) மட்டும்னு சொல்லிடறேன். முன்ன ஒரு எடத்துல இருந்து எங்களுக்கு ஒரு மின்சார சிக்கன கேம் இலவசமா குடுத்தாங்க, ஒரு வருசம் கழிச்சு லைசென்ஸ் முடிஞ்சிருச்சு, சனிக்கெழம காலையில பிள்ளைங்க வந்து தொறந்தா காசு கட்டச் சொல்லி நிக்குது, அதுங்க அதுவரைக்கும் சேத்து வச்சது எதையும் எடுக்க முடியல. அது கூட பரவாயில்ல. அந்த கேம்ல வர்ற வீட்டுல வெளிய பனி கொட்டும், மின்சாரத்த மிச்சம் புடிக்க வீட்ட சூடாக்கற ஹீட்டர கொறைக்கணும். ஒரு பையன் கேட்டான், "டீச்சர், வீட்ட ஏன் சூடாக்கணும்?" அந்தக் கேள்விக்கு அப்புறம் நான் முடிவு பண்ணேன், நாம தொறந்து மாத்தக்கூடியத தவிர வேற எதையும் பிள்ளைங்க முன்னாடி வைக்கறது இல்லன்னு. காத்தாடி, ஐஸ் பெட்டி, ஏர்கோன், குளிக்கற ஹீட்டர், இதெல்லாம் இருக்கற வீடு கேம்ல வரணும், அதுவும் அந்தப் பிள்ளையோட வீடா இருக்கணும்.

தொடக்கத்துக்கு ரெண்டு ரெடிமேட் மென்பொருள் போதும். சின்னப் பிள்ளைங்களுக்கு ஜிகாம்ப்ரி. 2000ல ஆரம்பிச்சது, இப்ப கேடிஈங்கற ஓப்பன் சோர்ஸ் சமூகத்துக்காரங்க பாத்துக்கறாங்க, பேருக்கு பிரெஞ்சுல எனக்குப் புரிஞ்சிருச்சுன்னு அர்த்தம் வரும், லினக்ஸ், விண்டோஸ், ஆண்ட்ராய்டு எல்லாத்துலயும் ஓடும், காசு கிடையாது. அதுல புதுப்பிக்கத்தக்க சக்தின்னு ஒரு வெளையாட்டு இருக்கு, டக்ஸ்ங்கற பெங்குவின் மீன் புடிச்சிட்டு வீட்டுக்கு வரும், நாம சூரியன், மேகம், அணை, சோலார், காத்தாலை, டிரான்ஸ்ஃபார்மர் ஒவ்வொண்ணா தட்டி கரண்டு வர வைக்கணும், வந்ததும் வீட்டுல லைட்ட போடணும். அணைய தட்டற நேரத்துல வெளையாட்ட நிறுத்திட்டு பிள்ளைங்ககிட்ட பேராக் ஆத்துல இருக்கற செண்டரோ அணைய பத்தி சொல்லுங்க, 1930லயே கட்டுனது, கோல கங்சார் பக்கந்தான், நம்ம ஊர்ல இருந்து காடியில போற தூரம். அதுக்கப்புறம் மஞ்சோங்ல கடலோரம் நிக்கற நிலக்கரி மின்நிலையத்தையும் சொல்லுங்க, அந்தக் கரி கப்பல்ல வருதுன்னு சொன்னதும் எங்க பிள்ளைங்க முழிச்ச முழிய மறக்க மாட்டேன்.

பெரிய பிள்ளைங்களுக்கு ஃபெட். நோபல் பரிசு வாங்குன கார்ல் வீமன் 2002ல கொலராடோ பல்கலைக்கழகத்துல தொடங்குனது, நிரல் எல்லாம் தொறந்துதான் கெடக்கு. அதுல சக்தி வடிவங்களும் மாற்றங்களும்னு ஒண்ணு இருக்கும், ஒரு பக்கம் கொழாத் தண்ணி, சூரியன், கெட்டில், சைக்கிள் ஓட்டற ஆளு, நடுவுல ஜெனரேட்டர் இல்லன்னா சோலார் பலகை, அந்தப் பக்கம் பல்பு, காத்தாடி, தண்ணிய சூடாக்கறது. சைக்கிள் ஓட்டறவருக்கு சாப்பாடு போடலன்னா மிதிக்கறத நிறுத்திடுவாரு! அத பாத்துட்டு ஒரு வாண்டு "அப்ப கரண்டும் சோறுதானா டீச்சர்"னு கேட்டுச்சு, நான் பத்து நிமிசம் விளக்கலாம்னு இருந்தத அது ஒரே வரியில சொல்லிருச்சு. பழைய குண்டு பல்பையும் குழல் பல்பையும் மாத்தி மாத்திப் போட்டு, சக்தியில எவ்வளவு வெளிச்சமா போவுது, எவ்வளவு சூடா போவுதுன்னு எண்ணச் சொல்லுங்க.

இது ரெண்டுக்கும் ஒரு சனிக்கெழம போதும், இதுலயே உக்காந்துராதீங்க. முக்கியமான வேல மீட்டர்ல இருக்கு.

வீட்டுக்கு வெளிய இருக்கற எலக்ட்ரானிக் மீட்டர்ல ஒரு சின்ன செவப்பு லைட் சிமிட்டிக்கிட்டே இருக்கும், பாத்திருப்பீங்க. எத்தன சிமிட்டல் சேந்தா ஒரு யூனிட்டுன்னு மீட்டர் மூஞ்சிலயே எழுதியிருக்கும், 1000 இல்ல 1600 மாதிரி ஒரு எண்ணு. 1000னு இருந்தா கணக்கு ரொம்ப சுலபம், ஒரு சிமிட்டலுக்கும் அடுத்த சிமிட்டலுக்கும் நடுவுல எத்தன செகண்டுன்னு கைபேசியில பாருங்க, 3600ஐ அந்த செகண்டால வகுத்தா அந்த நேரத்துல வீடு இழுக்கற வாட் கெடைச்சிரும். 1600னு இருந்தா 3600க்கு பதிலா 2250. அவ்வளவுதான். மீட்டர தொடக்கூடாது, பாக்கறது மட்டும், இத மொத நாளே கண்டிப்பா சொல்லிடுங்க. ஸ்மார்ட் மீட்டர் மாத்துன வீடா இருந்தா கரண்டு குடுக்கற டிஎன்பி கம்பெனியோட ஆப்லயே ஒரு நாளைக்கு எவ்வளவுன்னு வந்துரும், ஆனா சிமிட்டல எண்ணறதுல இருக்கற சொகம் அதுல கெடையாது.

இடைநிலைப்பள்ளியில படிவம் ஒண்ணுல படிக்கற ஒரு பொண்ணு இத வீட்டுல செஞ்சிட்டு வந்து சொன்னத சொல்றேன். சாயங்காலம் மீட்டருக்கு கீழ கைபேசியோட குந்திக்கிட்டு, தம்பிய குளிக்கற ஹீட்டர போடச் சொல்லியிருக்கு, லைட் செகண்டுக்கு ஒண்ணா பட் பட்னு அடிச்சிருக்கு, அதாவது 3600 வாட். ஹீட்டர அடைச்சு, அப்புறம் லைட்டு, காத்தாடி, டிவி எல்லாத்தையும் அடைச்சு, ஐஸ் பெட்டியக்கூட ரெண்டு நிமிசம் பிளக்க எடுத்துட்டு வந்து பாத்தா, லைட் நிக்கல, 90 செகண்டுக்கு ஒரு தடவ மெதுவா சிமிட்டிக்கிட்டே இருக்கு. 40 வாட். யாரும் இல்லாத வீடு 40 வாட் திங்குது! ரூம் ரூமா போய் மோடம், டிவி பெட்டி, சார்ஜர், ஸ்பீக்கர்னு ஒவ்வொண்ணா எடுத்து, ஒவ்வொரு தடவையும் மீட்டருக்கு ஓடி வந்து எண்ணியிருக்கு. அவங்கம்மா என்னடி இது வெளையாட்டுன்னு கேட்டுட்டு கடைசியில அவங்களே வந்து எண்ண ஆரம்பிச்சிட்டாங்களாம். அந்த நோட்டுப் புத்தகந்தான் எங்க கேமுக்கு மூலதனம்.

ஒவ்வொரு பிள்ளையும் ஒரு வாரம் இப்படி எழுதுனத லிப்ரஆபிஸ் கால்க்ங்கற கணக்கு அட்டவணை மென்பொருள்ல ஏத்துங்க, சாமான் பேரு, வாட், எத்தன மணி நேரம், பெருக்குனா வாட் மணி, 1000 வாட் மணி சேந்தா ஒரு யூனிட். ஒரு கணக்கு எங்க எல்லாரையும் உலுக்கிருச்சு. 75 வாட் காத்தாடி ராத்திரி 8 மணி நேரம் ஓடுனா 600 வாட் மணி. 3600 வாட் ஹீட்டர்ல 10 நிமிசம் குளிச்சா அதுவும் 600 வாட் மணி! ராத்திரி பூரா காத்தாடி போடாதன்னு பிள்ளைய திட்டற அப்பாவும் வேல முடிஞ்சு வந்து சுடு தண்ணியில நிக்கற அப்பாவும் ஒரே ஆளுதான். இங்க ஒரு விசயம், வீட்டுக்கு வீடு பில்ல ஒப்பிடாதீங்க, தயவு செஞ்சு. சில வீட்டுல பில் கட்டாம பாக்கி நிக்கும், சில வீட்டுல ஏர்கோனே கெடையாது, பிள்ளைங்களுக்கு கூச்சமா போயிரும். ஒவ்வொரு வீட்டையும் அந்த வீட்டோட போன வாரத்தோட மட்டும் வச்சுப் பாக்கச் சொல்லுங்க. பெரியவங்க மருந்து ஐஸ் பெட்டியில இருக்கற வீட்டுல அந்தப் பெட்டிய ரெண்டு நிமிசம் கூட எடுக்க வேணாம்.

இப்ப கேம். இதுக்கு நான் சொல்றது டுவைன், தேர்வு செஞ்சு செஞ்சு போற கதை கேம் செய்யற மென்பொருள், 2009ல கிறிஸ் கிளிமாஸ் வெளியிட்டது, ஓப்பன் சோர்ஸ், படம் வரையத் தெரியணும்னு இல்ல, புரோகிராமிங் தெரியணும்னு இல்ல, கதை சொல்லத் தெரிஞ்சா போதும், தமிழ் எழுத்து அப்படியே வரும். பிள்ளைங்களுக்கு புரோகிராமிங் பழக்கற ஸ்க்ராட்ச் கூட நல்லதுதான், ஆனா எங்க பிள்ளைங்க பூனைய ஓட விடறதுலயே ரெண்டு சனிக்கெழமய செலவழிச்சிருச்சுங்க. டுவைன லேப்டாப்ல எறக்கிப் போட்டுக்கங்க, பிரவுசர்லயே செய்யலாம், ஆனா பிரவுசர் தகவல யாராச்சும் அழிச்சா கதையும் போயிரும்.

தொறந்ததும் ஒரு கட்டம் வரும், அதுதான் மொத பக்கம். அதுல எழுதுங்க: சாயங்காலம் 6 மணி, பள்ளிக்கூடம் விட்டு வந்து ஒரே வேர்வை, என்ன செய்யப் போற? அதுக்கு கீழ தேர்வுகள இரட்டை சதுர அடைப்புக்குள்ள போடுங்க, இப்படி: [[ஹீட்டர போட்டுக் குளி->சுடுதண்ணி]] [[பச்சத் தண்ணியில குளி->பச்சத்தண்ணி]]. அம்புக்குறிக்கு முன்னாடி இருக்கறது வெளையாடறவங்களுக்குத் தெரியும், பின்னாடி இருக்கறது பக்கத்தோட பேரு, நீங்க எழுதி முடிச்சதும் அந்தப் பக்கம் தானா மொளைச்சிரும். இப்படியே மறுநாள் காலையில 6 மணி வரைக்கும் பத்துப் பன்னெண்டு பக்கம் போதும்.

கணக்கு வைக்கறதுக்கு மொத பக்கத்துல (செட்: $வாட் டு 0), சுடுதண்ணி பக்கத்துல (செட்: $வாட் டு $வாட் + 600). நான் இங்க தமிழ்ல எழுதிக் காட்டறேன், டுவைன்ல இந்த செட், டு, வாட் மூணையும், பின்னாடி வர்ற இஃபையும் ஆங்கில எழுத்துல தட்டணும். 0.6 யூனிட்னு தசமத்துல போடாதீங்க, கூட்டக் கூட்ட 0.1ம் 0.2ம் சேந்து கடைசியில வால் மாதிரி எண்ணு நீண்டு வரும், பிள்ளைங்க பயந்துரும், அதனால வாட் மணியில முழு எண்ணா வச்சுக்கங்க. ஐஸ் பெட்டி மாதிரி எப்பவும் ஓடறதயும், பகல்ல வீட்டுல ஆனதையும் கால்க்ல இருந்து எடுத்து மொத பக்கத்துலயே ஏத்திடுங்க.

கடைசிப் பக்கத்துல பில் வரணும், மார்க் இல்ல. நட்சத்திரம், பூ, மரம்னு குடுத்தா பிள்ளைங்க அத சேக்கறதுக்குத்தான் வெளையாடும், வெள்ளிக்கணக்கு, அதாவது ரிங்கிட் காசு, வந்தாத்தான் வீட்டுல பேசும். 2025 ஜூலை 1ல இருந்து வந்த வீட்டுக் கட்டணத்துல, மாசம் 200 யூனிட்டுக்குள்ள இருந்தா யூனிட்டுக்கு 25 சென் சிக்கன ஊக்கத்தொகையா கழிச்சுக் குடுக்கறாங்க, யூனிட் ஏற ஏற அந்தக் கழிவு சுருங்கி 1000 தாண்டினா இல்லாம போயிரும், 600 தாண்டினா மாசம் 10 வெள்ளி சில்லறைக் கட்டணம் தனியா சேரும். ஒரு நாளைக்கு 20 யூனிட்னா மாசத்துக்கு 600, அதனால எங்க கேம்ல 20000 வாட் மணிதான் எல்லைக்கோடு: (இஃப்: $வாட் > 20000)[அம்மா பில்ல பாத்துட்டு அமைதியா உக்காந்துட்டாங்க]. இந்த வரிய எழுதுனது ஒரு ஒம்பது வயசுப் பையன். நான் அதுல ஒரு எழுத்தையும் மாத்தல.

வெளையாடும்போது ஓரத்துல பின்னாடி போற அம்புக்குறி ஒண்ணு இருக்கும், பிள்ளைங்க தோக்கற மாதிரி இருந்தா அத அமுக்கி திரும்பப் போய் வேற தேர்வு எடுக்கும். மொதல்ல அத தடுக்கலாம்னு நெனச்சேன், அப்புறம் விட்டுட்டேன், ஏன்னா ரெண்டு வழியையும் போய்ப் பாத்து வித்தியாசத்த எண்ணறதுதானே நமக்கு வேணும். ஆனா நல்ல பிள்ளை எப்பவும் புழுக்கத்துல படுக்கணும்ங்கற மாதிரி மட்டும் கதைய எழுத விடாதீங்க. ஏர்கோன் போடற வழியிலயும் ஒரு நல்ல முடிவு இருக்கணும், 24ல வச்சு, டைமர் போட்டு, கதவ சாத்திட்டு, விடிகாலையில காத்தாடிக்கு மாறற முடிவு. புது சாமான் வாங்கற பக்கம் வச்சா, கடையில ஒட்டியிருக்கற சுருஹான்ஜாயா தெனாகாவோட (மலேசிய எரிசக்தி ஆணையம்) நட்சத்திர லேபிள எப்படிப் படிக்கறதுன்னு அங்க சேத்துக்கங்க, அஞ்சு நட்சத்திரம் இருந்தா கரண்டு கம்மியா இழுக்கும்.

முடிஞ்சதும் ஃபைலா வெளியிடற பொத்தான அமுக்குனா முழு கேமும் ஒரே ஃபைலா வந்துரும், பென்டிரைவ்ல போட்டுக் குடுக்கலாம், கைபேசி பிரவுசர்லயும் தொறக்கும், இண்டர்நெட் வேணாம். மொத தடவ கண்டிப்பா பெரியவங்க வெளையாடணும், பிள்ளை பக்கத்துல வாயத் தொறக்காம உக்காந்து, அவங்க எங்க தடுமாறறாங்கன்னு எழுதிக்கணும். எங்க பாட்டி வெளையாடி, படுக்கப் போறதுக்கு முன்னாடி வாசல் லைட்ட அடைக்கற தேர்வு எங்கன்னு தேடுனாங்க, அப்படி ஒண்ணு எங்க கேம்லயே இல்ல, அடுத்த வாரம் சேத்தோம்.

மொத பக்கத்து அடியில, எந்த மாசத்துக் கட்டணத்த வச்சு செஞ்சதுன்னு தேதி போடுங்க, யாரு வேணும்னாலும் மாத்தி திரும்பப் பகிரலாம்னு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்த எழுதுங்க. வெளியிட்ட அதே ஃபைல இன்னொரு லேப்டாப்ல டுவைனுக்குள்ள இம்போர்ட் பண்ணா எல்லாப் பக்கமும் திரும்பத் தொறக்கும், அந்தப் பிள்ளை தன் வீட்டு வாட் எண்ணுங்கள மட்டும் மாத்திக்கிட்டா போதும்.