‘சிவ’ என்ற வினையைப் பழகுவது எப்படி?

புதிதாகத் தமிழ் கற்பவர்கள் ‘சிவப்பு’ என்ற பெயரை மனப்பாடம் செய்துவிட்டு அதோடு விட்டுவிடுகிறார்கள். மதுரை வீடுகளில் புழங்க அது போதாது.

படி 1: முதலில் வினையைப் பிடியுங்கள். ‘நட’ தெரியுமா? அதே வாய்பாடுதான். நடந்தது – சிவந்தது, நடக்கும் – சிவக்கும். மருதாணி வைத்த மறுநாள் காலை “நல்லா செவந்திருக்கா?” என்றுதான் கேட்பார்கள். பேச்சில் ‘சி’ ‘செ’ ஆகிவிடும், எழுதும்போது ‘சி’தான். வெற்றிலை போட்டால் வாய் சிவக்கும், அழுதால் கண் சிவக்கும். கோபத்திலும் சிவக்கும், இது பழைய வழக்கு. கறுப்பு, சிவப்பு இரண்டுமே வெகுளியைக் குறிக்கும் என்கிறது தொல்காப்பியம். அவை நிறத்தையும் குறிக்கும் என்பதை அடுத்த சூத்திரத்தில்தான் சொல்கிறது!

அடுப்படியில் கொஞ்சம் கவனம். “பருப்பைச் சிவக்க வறு” என்றால் தக்காளி நிறத்துக்குக் காத்திருக்காதீர்கள். பொன்னிறமாகி வாசம் வந்ததும் இறக்கிவிடலாம். நான் சொல்லிக்கொடுத்த ஒருவர் காத்திருந்து, சட்டியோடு கரியாக்கினார்.

படி 2: அடுத்த சொல்லோடு சேர்க்கும்போது ‘சிவப்பு’ போய், அதே பொருள் தரும் ‘செம்மை’ சுருங்கி வரும். வரும் எழுத்தின் இன மெல்லெழுத்தைப் போடுங்கள்: செங்கல், செஞ்சாந்து, செந்தாமரை, செம்பருத்தி. வருவதே மெல்லெழுத்தா? அதையே இரட்டியுங்கள்: செந்நாய், செம்மண். உயிரெழுத்தோ வகரமோ வந்தால் ‘செவ்’: செவ்விளநீர், செவ்வாழை. செவ்வாய்க் கிரகத்தின் பெயரிலும் இந்தச் சிவப்புதான் இருக்கிறது. ஆனால் 2004-இல் மத்திய அரசு தமிழைச் செம்மொழி என்று அறிவித்தது நிறத்தைப் பார்த்தல்ல. செம்மைக்குச் சீர்மை, நேர்த்தி என்றும் பொருள் உண்டு. செங்கோலும் அப்படித்தான், வளையாத கோல்.

படி 3: ஆளைச் சொல்லும்போது. “பொண்ணு நல்ல செவப்பு” என்றால் வெளுத்த நிறம் என்று அர்த்தம். புரிந்துகொள்ளுங்கள், நீங்கள் சொல்ல வேண்டாம் என்பது என் கட்சி.

படி 4: மாடு. இதற்குத் தனிச் சொல். அலங்காநல்லூர், பாலமேடு பக்கம் போய் “சிவப்புக் காளை” என்றால் வெளியூர் ஆள் என்று தெரிந்துவிடும். அது செவலை. கறுப்பு காரி, சாம்பல் கலந்த வெள்ளை மயிலை. செவலை நாய்க்கும் பொருந்தும்.

சரி, பயிற்சிக்கு இரண்டு: சிவப்பு நெல், சிவப்பு வானம். சேர்த்து எழுதிப் பாருங்கள்.