டிராக் டிராக்டர் வடிவமைக்கப் போகிறீர்களா? முதலில் எடை எங்கே உட்காரும் என்று பாருங்கள்

சேற்று வயலுக்கு ஒரு டிராக்டர் வேண்டும் என்றதும் பலர் செய்வது, இருக்கிற சக்கர டிராக்டரின் படத்தை எடுத்து, சக்கரங்களை அழித்துவிட்டு அந்த இடத்தில் ரப்பர் டிராக்கை, அதாவது பீரங்கி வண்டியில் இருப்பது போலச் சுற்றிச்சுற்றி ஓடும் பட்டையை, வரைந்து விடுவதுதான். காகிதத்தில் அழகாக இருக்கும். வயலில் இறக்கிக் கலப்பையை மாட்டினால் பின்பக்கம் புதையும், முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். டிராக் என்பது எடையைப் பரப்புவதற்கான வழி மட்டுமே. எடை அதன் நடுவில் வந்து உட்கார்ந்தால்தான் அது பரப்பும், இல்லையென்றால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய நீளத்தில் பாதி சும்மா காற்றில் நிற்கும். அதனால் இங்கே எடையைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன், ரப்பரைப் பற்றிக் கொஞ்சம்தான்.

டிராக் பிறந்ததே ஈர நிலத்துக்காகத்தான். கலிஃபோர்னியாவில் ஸ்டாக்டன் பக்கத்துச் சதுப்பு வயல்களில் நீராவி டிராக்டர்கள் புதைந்துகொண்டே இருந்தன. பெஞ்சமின் ஹோல்ட் சக்கரத்தை அகலமாக்கிப் பார்த்தார், இன்னும் அகலமாக்கிப் பார்த்தார், அது கட்டுக்கடங்காமல் போகவே 1904 நவம்பரில் சக்கரத்தைக் கழற்றிவிட்டு மரக்கட்டைகள் கோத்த தொடர்பட்டையை மாட்டி ஓட்டினார். பரப்பை அகலத்தில் தேடாமல் நீளத்தில் தேடியதுதான் அந்த வேலையின் சாரம். இன்றும் வடிவமைப்பு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

முதலில் மண். எந்த மண்ணில், எவ்வளவு ஈரத்தில் ஓடப்போகிறது என்று தெரியாமல் டிராக் அளவை முடிவு செய்யாதீர்கள். மண்ணின் கெட்டியை அளக்கும், கூம்பு முனை கொண்ட பெனட்ரோமீட்டர் கிடைத்தால், மோசமான ஈரத்தில் இருக்கும் நாளில் வயலின் பல இடங்களில் குத்தி, ஆழத்துக்கு ஆழம் எதிர்ப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். சேற்றுழவு வயலாக இருந்தால் மேலே குழம்பிய தொளியும் அதன் கீழே கெட்டிப்பட்ட உழவு அடுக்கும் இருக்கும், உங்கள் வண்டி கடைசியில் நிற்கப்போவது அந்த அடுக்கின் மேல்தான். அது எத்தனை செ.மீ. ஆழத்தில் இருக்கிறதோ அதைவிட வண்டியின் அடிவயிறு நன்றாக உயரத்தில் இருக்க வேண்டும். வயிறு சேற்றில் உட்கார்ந்துவிட்டால் டிராக் சும்மா சுற்றும், அப்புறம் எஞ்சின் எத்தனை குதிரைத்திறன் என்பதற்கு அர்த்தமே இல்லை.

இப்போது கணக்கு. 2800 கிலோ வண்டி, ஒவ்வொரு டிராக்கும் 40 செ.மீ. அகலம், தரையில் படும் நீளம் 140 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். இரண்டு டிராக்கும் சேர்ந்து 11,200 சதுர செ.மீ., ஆகவே சராசரி தரை அழுத்தம் சதுர செ.மீ.க்கு 0.25 கிலோ. 70 கிலோ மனிதர் ஒற்றைக் காலில் நிற்கும்போது, பாதப் பரப்பு 200 சதுர செ.மீ. என்றால், அவர் தருவது 0.35 கிலோ. கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? விளம்பரத் தாள்களில் போடுவதும் இந்தச் சராசரியைத்தான். ஆனால் இது வண்டி சும்மா நிற்கும்போது, ஈர்ப்பு மையம் டிராக்கின் சரிநடுவில் இருக்கும்போது மட்டும் உண்மை.

கலப்பை இழுக்கும்போது என்ன ஆகிறது? 900 கிலோ இழுவை, கொக்கி தரையிலிருந்து 45 செ.மீ. உயரத்தில். 900-ஐ 45-ஆல் பெருக்கி 2800-ஆல் வகுத்தால் எடை விழும் புள்ளி 14.5 செ.மீ. பின்னால் நகர்கிறது. பின் விளிம்பில் அழுத்தம் 0.25-லிருந்து 0.4-க்கு ஏறிவிடும். அந்த நகர்வு தரைநீளத்தில் ஆறில் ஒரு பங்கை எட்டிவிட்டால், அதாவது இந்த வண்டிக்கு 23 செ.மீ.யை எட்டினால், முன் விளிம்பில் அழுத்தம் பூஜ்ஜியம், பின் விளிம்பில் சராசரியைப் போல் இரண்டு மடங்கு. வண்டி அண்ணாந்து பார்க்கத் தொடங்கும். இழுக்காமல் கருவியைத் தூக்கிப் பிடித்தாலும் இதே கதைதான்: டிராக் நடுவிலிருந்து 150 செ.மீ. பின்னால் 400 கிலோ ரோட்டவேட்டர் (சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் கருவி) தொங்கினால் நகர்வு 19 செ.மீ. ஆகிறது, கருவியின் எடையும் சேர்வதால் பின் விளிம்பு 0.5 கிலோவைத் தாண்டுகிறது. திருப்புகிற ஓரத்தில், ஏற்கெனவே மிதிபட்டுக் குழம்பிய இடத்தில்தான் கருவியைத் தூக்குவோம் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

அதனால் வெறும் வண்டியின் ஈர்ப்பு மையத்தை வேண்டுமென்றே நடுவுக்கு முன்னால் வையுங்கள். மேலே சொன்ன வண்டிக்கு 10 செ.மீ. முன்னால் வைத்தால், இழுக்கும்போது நகர்வு 4.5 செ.மீ.தான் மிஞ்சும், ரோட்டவேட்டரைத் தூக்கும்போது 10 செ.மீ. பின்னால் போகும், கருவி இல்லாமல் ஓட்டும்போது 10 செ.மீ. முன்னால் இருக்கும். மூன்றும் ஆறில் ஒரு பங்கு எல்லைக்குள் பத்திரமாக அடங்குகின்றன. எஞ்சினை முன்னால் தள்ளுவது, டீசல் டாங்க், பேட்டரி எல்லாவற்றையும் முன்னுக்குக் கொண்டு போவது, கொக்கியைத் தாழ்த்துவது, கருவியைப் பின்பக்கம் ஒட்டினாற்போல மாட்டுவது, இதெல்லாம் செலவில்லாத வேலை. இரும்புப் பாளத்தைத் தொங்கவிடுவது கடைசி வழி.

பாளம் என்றதும் ஒரு விஷயம். பிடி போதவில்லை என்றால் எடையைக் கூட்டு என்பது சக்கர டிராக்டர் காலத்துப் பழக்கம், மணலில் அது சரியும்கூட: உராய்வுக் கோணம் (மண்ணுக்குள் உராய்வு எவ்வளவு என்பதைக் காட்டும் அளவு) 30 டிகிரி என்றால் 2800 கிலோ வண்டிக்கு 1600 கிலோ பிடி கிடைக்கும், எடையோடு அதுவும் கூடும். நீர் ஊறிய களிமண்ணில் உராய்வு கிட்டத்தட்ட இல்லை, மண்ணின் ஒட்டுவிசை மட்டும்தான். அது சதுர செ.மீ.க்கு 0.1 கிலோ என்றால் 11,200 சதுர செ.மீ.க்கு 1120 கிலோ. இரண்டு டன் கூடுதலாக ஏற்றினாலும் அதே 1120, ஆனால் புதைவது மட்டும் கூடும், புதைந்த டிராக்கை நகர்த்தவே அந்தப் பிடியில் ஒரு பங்கு போய்விடும். சேற்றுக்கு வேண்டியது பரப்பு. இன்னொன்று, மண்ணின் ஆழத்தில் ஏற்படும் இறுக்கம் மொத்த எடையைப் பொறுத்தது, டிராக்கை அகலமாக்கி அதை மறைக்க முடியாது. வண்டியை இளைக்க வைப்பதுதான் நல்ல வடிவமைப்பு என்பது என் பிடிவாதம்.

சரி, பரப்புதான் வேண்டும் என்றால் நீளத்தைக் கூட்டிக்கொண்டே போகலாமா? ஒரே பரப்புக்கு, அகலம் குறைந்த நீளமான டிராக், அகலமான குட்டை டிராக்கைவிடக் குறைவான தடம் தோண்டும், ஆகவே நேராகப் போக நீளம் நல்லது. திரும்பும்போதுதான் வம்பு. டிராக் வண்டி திரும்பினால் முனைகள் இரண்டும் மண்ணைப் பக்கவாட்டில் வழித்துக்கொண்டு போகும், நீளம் கூடக் கூட அந்த எதிர்ப்பும் கூடும். தரைநீளத்தை, இரண்டு டிராக் மையங்களுக்கு நடுவே உள்ள தூரத்தால் வகுத்து வரும் எண்ணை 1-க்கும் 1.7-க்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் வண்டியில் மையத் தூரம் 110 செ.மீ. என்றால் 1.27 வருகிறது. பக்கவாட்டு எதிர்ப்புக் கெழு 0.6 என்று எடுத்தால், அந்த இடத்திலேயே திரும்ப ஒரு பக்க டிராக் சுமார் 530 கிலோ முன்னுக்குத் தள்ள வேண்டும், மறுபக்கம் அதே அளவு பின்னுக்கு. ஏற்கெனவே 900 கிலோ இழுத்துக்கொண்டிருக்கும் வண்டியிடம் இதையும் கேட்டால் ஈரக் களிமண்ணில் பிடி தீர்ந்துவிடும் என்பது மேலே உள்ள 1120-ஐப் பார்த்தாலே தெரியும். சுமையோடு வட்டமாகத்தான் திருப்ப வேண்டும், திருப்பும் அமைப்பும் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

கிளட்ச்-பிரேக் முறையில் ஒரு பக்கத்துக்குச் சக்தியை நிறுத்தித் திருப்புகிறோம். மலிவானது, எளிது, ஆனால் திருப்பும் நேரமெல்லாம் பாதி பிடியை இழக்கிறோம். அதோடு சரிவில் இறங்கும்போது வெறும் கிளட்சை மட்டும் விட்டால், விடுபட்ட பக்கம் வேகமாக உருண்டு வண்டி எதிர்ப்பக்கம் திரும்பும். பழகாத ஓட்டுநருக்கு இது ஆபத்து, மேடுபள்ள நிலத்துக்கு இந்த முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி ஹைட்ராலிக் பம்ப்-மோட்டார் வைத்தால் திருப்புவது வெண்ணெய், ஆனால் நாள் முழுக்க இழுக்கும் வேலையில் சக்தி இழப்பு அதிகம். இழுவைக்குக் கியர், திருப்புவதற்கு மட்டும் ஹைட்ராலிக் மோட்டார், இரண்டையும் டிஃபரென்ஷியலில் (இரு பக்கத்துக்கும் வேகத்தைப் பிரித்துக் கொடுக்கும் கியர் தொகுதியில்) சேர்ப்பது, இதுதான் உழவுக்குச் சிறந்தது. இரு டிராக்கும் எப்போதும் சக்தியில் இருக்கும். விலைதான் கூடும்.

அடிச்சட்டத்துக்கு வருவோம். மேலே போட்ட அழுத்தக் கணக்கு டிராக் ஒரு கெட்டிப் பலகை என்று நினைத்துப் போட்டது. நிஜத்தில் டிராக்கின் உட்புறம் உருண்டு எடையைத் தாங்கும் ஒவ்வொரு ரோலருக்கும் அடியில் அழுத்தம் எகிறும், நடுவில் குறையும். மூன்று பெரிய ரோலர்களைவிட ஐந்து சின்ன ரோலர்கள் நெருக்கமாக இருப்பது சேற்றில் மேல். முன் ஐட்லரை (டிராக் சுற்றித் திரும்பும், சக்தி இல்லாத சக்கரத்தை) தரையிலிருந்து சற்று மேலே தூக்கி வையுங்கள், டிராக் சேற்றைத் தள்ளாமல் அதன் மேல் ஏறும், வரப்பிலும் ஏறும். ஸ்பிராக்கெட்டை (டிராக்கை இழுத்து ஓட்டும் பல் சக்கரத்தை) பின்னால் உயரத்தில் வைத்தால் கியர்பெட்டி சேற்றுக்கு மேலே தப்பிக்கும். உராய்வால் ஓட்டும் வழவழ டிரம் காய்ந்த நிலத்துக்குப் பரவாயில்லை, ஈரத்தில் டிரம்முக்கும் ரப்பருக்கும் நடுவில் சேறு புகுந்து வழுக்கும். பல் மாட்டி இழுக்கும் முறையே வேண்டும், ஸ்பிராக்கெட்டின் பற்களுக்கு இடையே சேறு வெளியே விழ வழியும் வேண்டும். திறப்பில்லாத சட்டத்தில் சேறு அடைந்து காய்ந்தால் டிராக் இறுகிக்கொண்டே போகும், கடைசியில் உடைவது ஐட்லர் அச்சு. மேற்சட்டத்தைச் சரிவாக வைத்து விடுங்கள், தானே வழிந்து போகட்டும்.

டிராக் இறுக்கும் ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுக்கும்போது பின்னோக்கி ஓட்டுவதை மறக்கக்கூடாது. முன்னால் போகும்போது இழுவிசை தரைப் பக்கத்தில் இருக்கும். ரிவர்ஸில் அது மேல் வழியாக ஐட்லரைச் சுற்றி வரும், ஐட்லரின் மேல் விழுவது டிராக்கின் இழுவிசையில் இரட்டிப்பு. ஸ்பிரிங்கின் முன்னழுத்தம் அதைவிடக் குறைவாக இருந்தால் ஐட்லர் உள்ளே போய், டிராக் தளர்ந்து, பல் தாவும்.

ரோலர் சீலில் மிச்சம் பிடிக்காதீர்கள். சாதாரண ரப்பர் ஆயில் சீல் சேற்றில் சீக்கிரம் போய்விடும், இரண்டு உலோக வளையங்கள் முகத்தோடு முகம் உரசும் வகைதான் தாங்கும்.

மேடுபள்ளத்துக்கு: சட்டம் இரண்டையும் உடலோடு இறுக்கிப் பற்றவைத்தால், ஒரு பக்கம் கல்லில் ஏறும்போது மறுபக்கத்திலும் பாதி டிராக் தூக்கிக்கொள்ளும். ஒவ்வொரு டிராக் சட்டமும் பின்னால் ஒரு அச்சில் தனியாக ஆடட்டும், முன்னால் நடுவில் ஊசலாடும் ஒரு சமன்கம்பி இரண்டையும் தாங்கட்டும். அந்தப் பின் அச்சை ஸ்பிராக்கெட் அச்சோடு ஒரே கோட்டில் வைக்க முடிந்தால், சட்டம் ஆடினாலும் கியர் இணைப்பு அசையாது. வரப்பு உச்சியைத் தாண்டும்போது வண்டி ஒரேயடியாகக் கவிழ்ந்து அடிப்பதும் இதனால் ஓரளவு குறையும்.

பக்கச் சரிவில் ஈர்ப்பு மைய உயரமும் வேலை காட்டும். அது 75 செ.மீ., வெளி அகலம் 150 செ.மீ. என்றால் காகிதக் கணக்கு 45 டிகிரி வரை கவிழாது என்று சொல்லும். அதை நம்பி வரைபடத்தை மூடாதீர்கள். 15 டிகிரி சரிவிலேயே கீழ்ப்பக்க டிராக் எடையில் 68 சதவீதத்தைச் சுமக்கிறது, ஈர மண்ணில் அது மேல்பக்கத்தைவிட 10 செ.மீ. கூடுதலாகப் புதைந்தால் இன்னும் 5 டிகிரி சாய்வு சேரும், சேர்ந்த சாய்வு மேலும் எடையைக் கீழே தள்ளும். கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் கூண்டும் சீட் பெல்ட்டும் முதல் வரைபடத்திலேயே இருக்கட்டும். இறுதி டிரைவின் (ஸ்பிராக்கெட்டைச் சுற்றும் கடைசிக் கியர் தொகுதியின்) அச்சுகளையும் சரிபாதிச் சுமைக்கு இல்லாமல் 70 சதவீதத்துக்குக் கணக்குப் போடுங்கள்.

எஞ்சின் சுலபம். 900 கிலோ இழுவை மணிக்கு 4.5 கி.மீ. வேகத்தில் 11 கிலோவாட். மண்ணில் போகும் இழப்பு, கியரில் போகும் இழப்பு எல்லாம் சேர்த்தால் எஞ்சினிடம் 20, கொஞ்சம் கையிருப்போடு 25 கிலோவாட், அதாவது 34 குதிரைத்திறன் போதும். ரோட்டவேட்டர் ஓட்டுவதென்றால் அதற்குத் தனிக் கணக்கு.

முதல் மாதிரி தயாரானதும் நேராக உழவுக்கு விடாமல், ஈர நிலத்தில் மெதுவாக 20 மீட்டர் ஓட்டி நிறுத்தி, இறங்கித் தடத்தைப் பாருங்கள். கருவியில்லாமல், கருவியைத் தூக்கிக்கொண்டு, இழுத்துக்கொண்டு, மூன்று விதமாகவும். நின்ற இடத்தில் டிராக்கின் முன் முனையிலும் பின் முனையிலும் புதைவை அளவுகோல் வைத்து அளந்து எழுதுங்கள். பின்பக்கம் எப்போதும் ஆழமாக இருந்தால் எடையை முன்னுக்கு நகர்த்துங்கள். கருவியில்லாதபோது முன்னாலும் கருவியைத் தூக்கும்போது பின்னாலும் ஆழமாக இருந்து, இரண்டு வித்தியாசமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால், எடையின் இடம் சரி, இனி லக் (டிராக்கின் வெளிப்புறத்தில் மண்ணைப் பிடிக்கும் மேடு) உயரத்தையும் டிராக் இறுக்கத்தையும் பற்றி யோசிக்கலாம்.