தசை அளக்கும் சென்சார்: தவறு தொடங்குவது தோலில்

தசை இயங்கும்போது எழும் மின்னழுத்தத்தைத் தோலில் ஒட்டி அளக்கும் ஈ.எம்.ஜி. சென்சாரை வைத்துப் புராஜெக்ட் செய்யும் மாணவர்கள் முதலில் கேட்பது எந்த ஃபில்டர் போடலாம் என்றுதான். ஆனால் பதிவு கெடுவது பெரும்பாலும் கணினிக்கு வருவதற்கு முன்பே.

தோலுக்கு வந்து சேரும் தசை மின்னழுத்தம் சில மைக்ரோவோல்ட்டிலிருந்து சில மில்லிவோல்ட் வரைதான். முடி, எண்ணெய்ப்பசை, செத்த தோல் எல்லாமே அதற்குத் தடை. மழித்து, ஆல்கஹால் பஞ்சால் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகே எலெக்ட்ரோடை ஒட்ட வேண்டும். பதிவுக்கு வந்தவர் தைலம் ஏதும் தடவியிருக்கிறாரா என்றும் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது இடம். தசை புடைத்துத் தெரியும் நடுப்பகுதியில் ஒட்டத்தான் கை போகும். நரம்பு தசையைத் தொடும் பகுதி பல தசைகளில் அங்கேதான் இருக்கிறது. அங்கிருந்து மின் அலை இரு பக்கமும் ஓடும். சென்சாரோ இரண்டு எலெக்ட்ரோடுகளின் வித்தியாசத்தைப் பதிவுசெய்வது. அந்தப் பகுதி இரண்டுக்கும் நடுவே வந்துவிட்டால் சிக்னல் தன்னைத்தானே அடித்துக்கொண்டு சிறுத்துவிடும். தோல்மேல் ஈ.எம்.ஜி. எடுப்பதற்கான ஐரோப்பாவின் செனியம் பரிந்துரை இதற்காகவே தசைவாரியாக இடம் சொல்கிறது. தொடையின் வெளிப்புறத் தசைக்கு, இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து முழங்கால் சில்லின் வெளிப்பக்கத்துக்கு ஒரு கோடு. அதில் மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில், தசை இழைகள் ஓடும் திசையில், 20 மி.மீ. இடைவெளியில் இரண்டு எலெக்ட்ரோடுகள். சரியாக ஒட்டினாலும் ஸ்குவாட்டில் உட்கார்ந்து எழும்போது தோலுக்கு அடியில் தசை நகரும். ஆகவே ஒரே மூட்டுக் கோணத்தில் எடுத்த பதிவுகளையே ஒப்பிட வேண்டும்.

வயர் ஆடினால் 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே குப்பை சேரும். வயரை டேப் போட்டு உடம்போடு ஒட்டிவிட்டு, அந்த எல்லைக்குக் கீழே உள்ளதை வடிகட்டலாம். 50 ஹெர்ட்ஸ் கரண்ட் இரைச்சலுக்கு உடனே நாட்ச் ஃபில்டர் (ஒரு குறுகிய அதிர்வெண் பகுதியை மட்டும் வெட்டுவது) போடுவது எனக்கு உடன்பாடில்லை. தசை சிக்னலின் வலுவான பகுதியும் அந்த அக்கம்பக்கத்தில்தான் இருக்கிறது. முதலில் லேப்டாப் சார்ஜரைக் கழற்றுங்கள். ஒப்பீட்டுக்காக வைக்கும் ரெஃபரன்ஸ் எலெக்ட்ரோடு எலும்பு மேட்டில் ஒழுங்காக ஒட்டியிருக்கிறதா பாருங்கள். சிக்னல் ஏறக்குறைய 500 ஹெர்ட்ஸ் வரை போவதால் நொடிக்கு 1000 சாம்பிளாவது தேவை. ஏற்ற இறக்கங்களை மழுப்பி, அலையின் மேல்வரம்பை மட்டும் தரும் மலிவான போர்டுகள் தசை இயங்குகிறதா இல்லையா என்று காட்டும். சோர்வைக் கணிக்க உதவாது.

இத்தனையும் சரியாகச் செய்துவிட்டு, ஒருவரின் மைக்ரோவோல்ட்டை இன்னொருவரோடு ஒப்பிட்டால் எல்லாம் வீண். தோலடிக் கொழுப்பு கூடினாலே எண் குறைந்துவிடும். வார்ம்-அப் முடித்து, அசையாத தடைக்கு எதிராக முழு பலத்தில் சில நொடி தசையை இறுக்கச் சொல்லி, இடையில் ஓய்வு கொடுத்து, சில முறை பதிவுசெய்யுங்கள். அதில் கிடைக்கும் உச்சத்தின் சதவீதமாகப் பயிற்சியின் அளவைச் சொல்லுங்கள். நடுவில் எலெக்ட்ரோடு வியர்வையில் கழன்றால் அந்த உச்சத்தையும் மறுபடி எடுக்க வேண்டும்.

எண் பெரிதானால் விசையும் அதே அளவு கூடியது என்று எழுதிவிடாதீர்கள். ஒரே எடையைத் தாங்கிக்கொண்டு நின்றாலும், சோர்வு ஏற ஏற சிக்னலின் வீச்சு (அலையின் உயரம்) கூடும், அதிர்வெண் இறங்கும். ‘இந்தப் பயிற்சியில் ஈ.எம்.ஜி. அதிகம், அதனால் தசை அதிகம் வளரும்’ என்னும் ஜிம் வீடியோக்கள் இன்னும் ஒரு படி தாண்டிக் குதிக்கின்றன. குறைந்த எடையை இனி முடியாது என்னும் வரை தூக்கும்போது ஈ.எம்.ஜி. வீச்சு கனமான எடையில் வருவதைவிடக் குறைவாகவே இருக்கும். தசை வளர்ச்சி மட்டும் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.